தடுக்கப்பட்ட போணி

பதினெட்டு ஆண்டுகள் ஊதியம் வாங்கிக்கொண்டு கோல் கம்பத்தின் கீழ் நின்றவர் பல்லாவரத்து ஜமீர். திருமுடிவாக்கத்தில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தவரின் கையைப் பார்த்து ஒரு கால்பந்து கிளப் கூட்டிப்போனது. கோல் போட்டவனுக்கு மாலை, கோல் விழுந்தால் ஜமீருக்கு வசவு. மூன்று விரல்கள் உடைந்தன. மூன்றுக்கும் மருத்துவச் செலவு ஜமீருடையது.

கடைசி நான்கு ஆண்டுகள் மாடம்பாக்கம் தசரதனின் அணி. நெல் விளைந்த நிலத்தை மனை போட்டு விற்று, சிமெண்ட், கம்பிக் கடை வைத்தவர் தசரதன். கடையில் போணி ஆகாமல் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். அந்த வழக்கத்தை மைதானத்துக்கும் கொண்டுவந்தார். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன், நல்ல நேரம் பார்த்து, தானே ஒரு பந்தை உதைப்பார். அது வலைக்குள் போக வேண்டும். போனால் வெற்றி நிச்சயமாம். தோற்றால் மட்டும் ஜமீரின் குற்றம். பந்து வாத்து நடையில் வரும். ஜமீர் எதிர்ப்பக்கம் விழுந்து வழிவிடுவார். அதற்கே தனித் திறமை வேண்டும்.

பருவத்தின் கடைசி ஆட்டம். முப்பத்தாறு வயதில் இன்னும் ஓராண்டு ஒப்பந்தம் கிடைக்குமா என்பது அன்றைக்குத்தான் முடிவாகும். சம்பந்தி வீட்டாரை அழைத்து வந்திருந்த தசரதன், புது பூட்ஸ் போட்டு ஓங்கி உதைத்தார். வாழ்நாளில் முதல்முறையாகப் பந்து எழும்பி மேல் மூலைக்குப் பறந்தது. ஜமீரின் மூளை "விடு" என்பதற்குள் உடம்பு தாவிவிட்டது. விரல் நுனி பட்டுப் பந்து கம்பத்துக்கு மேலே போனது.

தசரதன் இடுப்பில் கைவைத்து ஜமீரிடம் வந்தார்.

"இன்னா ஜமீரு, கடை தொறக்க சொல்லோ ஷட்டரை எறக்கிட்ட?"

"தெரியாம தாவிட்டேன் சார். இன்னொன்னு அடிங்க."

"போணி ரெண்டு தபா பண்ணுவாங்களா? இன்னிக்குத் தோத்தா நீ வூட்லயே இரு."

தடுப்பாட்டக்காரன் உதயா பக்கத்தில் வந்தான். "மச்சான், வேற ஆள் அடிச்சா வுட்டுடுவ. மொதலாளிதான் கெடச்சாரா?"

அன்று ஜமீர் ஏழு பந்துகளைத் தடுத்தார். கடைசி நிமிடத்துப் பெனால்டியை மார்பில் வாங்கினார். ஒன்றுக்குப் பூஜ்யம், வெற்றி.

தசரதன் ஓடிவந்தார். "நாலு வருசமா தப்பா பண்ணிகினு இருந்துட்டோம். போணி உள்ள போவக் கூடாது. தடுக்கணும்."

"அந்தப் பெனால்டி சார்?" என்றான் உதயா.

"அதுவும் போணியோட பலன்தான்டா."

ஜமீருக்கு நாக்கு துறுதுறுத்தது. பந்தின் கோணம், உதைப்பவனின் இடுப்பு, பதினெட்டு ஆண்டுப் பயிற்சி: எல்லாவற்றையும் சொல்லலாம். ஆனால் இந்த மனிதரின் தலைக்குள் எந்தப் பந்தும் போகாது. வேறு வழியில் போனார்.

"அப்ப இனிமே ஆட்டத்துக்கு முன்னாடியே நான் பறக்கணும். கை கால் உடைஞ்சா போணி போயிடும் சார்."

தசரதன் முகம் வெளுத்தது. "அதுக்கு?"

"ஒப்பந்தத்துல மருத்துவக் காப்பீடு எழுதுங்க. மொத்த டீமுக்கும். நான் அடிபட்டுக் கெடந்தா போணிக்கு வேற ஆள்தானே பறக்கணும்?"

பதினெட்டு ஆண்டுகளாக எந்த நியாயமும் வாங்கித்தராததை மூடநம்பிக்கை ஐந்து நிமிடத்தில் வாங்கித் தந்தது. புது ஓராண்டு ஒப்பந்தத்தில் அதைத் தசரதன் தன் கைப்படவே எழுதிக் கையெழுத்திட்டார்.

ஜமீர் மனைவியைப் போனில் அழைத்தார். "ரூக்சார், இன்னும் ஒரு வருசம்."

"சந்தோசம். அந்தச் சேத்து ஜெர்சியை இந்த வருசம் யாரு தொவைக்கிறதுன்னு எழுதி வாங்கினீங்களா?"