கடைசியாக வந்தவர்

போன ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்தில் ஒரு நீச்சல் போட்டியில் கலந்துகொண்டேன். சிரிக்காதீர்கள் பிள்ளைகளே! நாற்பது வயது தாண்டியவர்களுக்கான போட்டிதான். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை... ஒரே ஒரு தடவை.

பேர் கொடுத்தது என் மகள் ஓவியா. லீவில் விழுப்புரத்து அத்தை வீட்டில் தங்கி நீச்சல் கற்றவள். பெற்றோருக்கும் போட்டி என்றதும், என்னைக் கேட்காமலே எழுதிக் கொடுத்துவிட்டாள்.

"நீ ஜெயிக்கல்லாம் வேணாம் நைனா. கடைசியா மட்டும் வந்துடாத. என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் வருவாங்க. மானம் போயிடும்!"

இதில் ஒரு சின்னச் சிக்கல் — எனக்கு நீச்சலே தெரியாது.

செஞ்சியில் நான் எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுகிறவன். மோட்டாரைக் கழற்ற இந்தப் பக்கத்தில் நான் இறங்காத கிணறு குறைவு. ஆனால் கணுக்காலுக்கு மேல் நனைந்ததில்லை. மகளிடம் இதை எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. சிங்கவரத்தில் இருக்கும் என் மனைவியின் தம்பி செல்வத்திடம் போய் நின்றேன். அவன் நிலத்தில் பெரிய வட்டக் கிணறு இருக்கிறது.

உச்சி வெயிலில்தான் அந்தக் கிணற்றில் வெளிச்சம் தண்ணீர் வரை இறங்கும். அதனால் மதியத்தில்தான் பயிற்சி. முதல் வேலையாக யாரும் தெரியாமல் போட்டுவிடாதபடி மோட்டாரின் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் செல்வத்தின் சட்டைப் பையில் போட்டுவிடுவேன். முதுகில் காலி பிளாஸ்டிக் கேன். படியில் செல்வம். நீங்களும் யாராவது பெரியவர்கள் இல்லாமல் கிணற்றில் இறங்கவே கூடாது, சரியா?

"இன்னா மாமா, மாவு பிசையற மாதிரி கைய ஆட்டற? தண்ணிய பின்னால தள்ளு!"

தள்ளினேன். கொஞ்சம் கொஞ்சமாக மிதந்தேன். ஒருநாள் கேனையும் கழற்றிவிட்டான்.

அன்றைக்குத்தான் அந்தச் சத்தத்தைக் கேட்டேன்.

மோட்டார் ஓடாத கிணறு எவ்வளவு அமைதியாக இருக்கும் தெரியுமா? என் கை தண்ணீரில் விழும் சத்தம் மட்டும்தான். சளப்... சளப்... அதற்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி, இன்னொரு சளப்.

நான் நின்றேன். அதுவும் நின்றது. ஆனால் ஒரு சளப் கழித்து.

"டேய் மச்சான், பின்னால யாருடா?"

"யாரு இருக்கா? சுவுத்துல மோதி சத்தம் திரும்புது மாமா. இங்க புறா கத்துனாகூட ரெண்டாத்தான் கேக்கும்."

சரிதானே? எதிரொலி. ஆனால் சொன்னவன் ஏன் தண்ணீரைப் பார்க்காமல், "போதும், ஏறிக்க மாமா" என்று அவசரப்படுத்தினான்?

வட்டக் கிணற்றில் நேராக நீந்த முடியாது. சுவரை ஒட்டிச் சுற்றிச் சுற்றித்தான் வரவேண்டும். அப்படிச் சுற்றும்போது ஒரு சந்தேகம் வரும் — பின்னால் வருகிறவர் என்னைத் துரத்துகிறாரா, இல்லை நான்தான் அவரைத் துரத்திக்கொண்டிருக்கிறேனா? அந்தச் சந்தேகத்தில் என் கை தானாகவே வேகம் எடுத்தது. உண்மையைச் சொன்னால், எனக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தது பயம்தான்.

போட்டி நாள். நீச்சல் குளத்தில் ஆளுக்கு ஒரு லேன், நடுவில் கயிறு. என் இடது பக்கத்து லேன் காலி. பேர் கொடுத்த யாரோ வரவில்லையாம்.

விசில் அடித்தார்கள். குதித்தேன். கிணற்றில் இடப்பக்கமே சுற்றிப் பழகிய உடம்பாயிற்றே? நேராகப் போகாமல் இடது பக்கமே இழுத்தது! லேன் கயிற்றில் தோள் இடித்தது. நிமிர்த்தினேன். மறுபடியும் இடித்தது. அதற்குள் எல்லோரும் எனக்கு முன்னால் போய்விட்டார்கள். போச்சு, ஓவியாவின் மானம் போச்சு!

பாதி தூரம் வந்திருப்பேன்.

சளப்.

எனக்குப் பின்னால். இடது பக்கம். இங்கே சுவர் ஏது, சத்தம் திரும்ப? மேலே திறந்த வானம்.

திரும்பிப் பார்க்கவில்லை. எப்படி நீந்தினேன் என்று தெரியாது. கை கரையைத் தொட்டபோது மற்றவர்கள் ஏறித் துவட்டிக்கொண்டிருந்தார்கள்.

டவலோடு ஓடி வந்தாள் ஓவியா. பின்னாலேயே செல்வம். அவள் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. அவளோ குதிக்கிறாள்!

"சூப்பர் நைனா! நீ கடைசி இல்ல!"

"நான்தாம்மா கடைசி. எல்லாரும் ஏறிட்டாங்க பாரு."

"எங்க ஏறிட்டாங்க? பக்கத்து லேன்ல உன் பின்னாடியே ஒருத்தரு வந்துக்கினு இருந்தாரே... அவரு இன்னும் ஏறலியே?"

செல்வம் தண்ணீர்ப் பக்கம் முகத்தையே திருப்பவில்லை.

நான் மட்டும் பார்த்தேன். எல்லா லேனிலும் தண்ணீர் அடங்கிவிட்டது. அந்தக் காலி லேனில் மட்டும் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

ஆகவே பிள்ளைகளே, கடைசியாக வந்துவிடுவோமோ என்று பயந்து எதையும் விட்டுவிடாதீர்கள். நமக்குப் பின்னாலும் யாராவது வந்துகொண்டுதான் இருப்பார்கள்...

யார் என்று மட்டும் திரும்பிப் பார்க்காதீர்கள்!