விளக்கேற்றும் வேளையில் வந்த விமானங்கள்

ஆகஸ்ட் மாதம் பிறந்துவிட்டால் எனக்குப் பயம் தொடங்கிவிடும். மற்ற மாதங்களில் நான் பெரிய வீராங்கனை என்று சொல்ல வரவில்லை. இடி இடித்தால் கண் தானாக மேசைக்கடியைத் தேடும். போலீஸ்காரர் சாலையின் அந்தப் பக்கம் தே தாரிக் தேநீர் குடித்துக்கொண்டு நின்றால், இந்தப் பக்கத்துக் கடைக்குள் புகுந்து தேவையில்லாமல் வெங்காயம் வாங்குவேன். கையில் அகதி அட்டை இருக்கிறது. அதை எல்லாப் போலீஸ்காரரும் மதிப்பதில்லை. ஆனால் ஆகஸ்ட் பயம் வேறு. அது ஒரு அம்மாவைப் பற்றிய பயம்.

ஊரில், மாணவிகள் நாங்கள் வகுப்புக்காக ஒரு வளாகத்தில் தங்கியிருந்தபோது, ஒரு ஆகஸ்ட் காலையில் விமானங்கள் வந்து குண்டு போட்டன. அதற்குப் பிறகு போரில் எத்தனையோ பார்த்தேன். காதுக்குள்ளேயே தங்கிவிட்டது அந்தக் காலைதான். என்னோடு ஒரே பாயில் படுத்தெழும்பிய சிநேகிதி அன்று செத்துப்போனாள். அவள் என்னை மூடிக்கொண்டு கிடந்ததால் நான் தப்பினேன்.

பல வருடம் கழித்து மலேசியா வந்து, கிள்ளானில் ஒரு தையல்கடையில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தேன். அவளுடைய அம்மாவும் இங்கேதான், அம்பாங்கில் மகனோடு இருக்கிறார் என்று ஒருத்தி வந்து சொன்னாள். சந்தோஷப்பட வேண்டிய செய்தி. எனக்கு ஊசி விரலில் ஏறிவிட்டது.

குண்டு விழுந்த அன்று அந்த அம்மா வைத்தியத்துக்காகக் கொழும்பில் இருந்தார். ராணுவத்தினர் ஊருக்குப் போகும் பாதையைப் பூட்டிவிட்டார்கள். அவர் ஊருக்கு வந்து சேர்ந்தபோது எல்லாம் அடக்கம் செய்து முடிந்திருந்தது. அன்றிலிருந்து காண்கிறவர்களிடமெல்லாம் ஒன்றைத்தான் கேட்பாராம்: "கடைசியில என்ர பிள்ளையோட ஆர் கிடந்தது?" அது நான்தான். எப்படிச் சொல்வது? சொன்னால், "அப்ப நீ ஏன் அவளை மூடேல்லை?" என்று அந்த வாய் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால், நான் எங்கே போய் விழுவேன்?

அன்று இறந்த பிள்ளைகளுக்காக வருடாவருடம் ஆகஸ்டில் கிள்ளானில் ஒரு வீட்டில் கூடி விளக்கேற்றுவோம். அம்மாவும் வருவார். நான் கதவோரமாக இருந்துகொண்டு, அவர் என் பக்கம் திரும்பும் முன்னே தேத்தண்ணீர் ஊற்ற எழும்பிவிடுவேன். கோப்பை கழுவுவதற்கு என்னைப் போல ஒரு பொறுப்பான பெண் இல்லை என்று நல்ல பெயர்கூட வாங்கியிருக்கிறேன்.

இந்த வருடம் அந்த வீட்டுக்காரர் கையை விரித்துவிட்டார். கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸில் மாடிமேல் ஒரு சின்ன மண்டபம் கிடைத்தது. தகரக் கூரை, ஜன்னலை மூடினால் வேக்காடு. மண்டபப் பொறுப்பாளரிடம் பஜனை என்று சொல்லியிருந்தோம். நினைவுக் கூட்டம் என்றால் ஆயிரம் கேள்வி வரும், பஜனையை இந்த ஊரில் யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. குண்டு விழுந்த அதே வேளையில்தான் விளக்கேற்ற வேண்டும். முதலில் பெற்றவர்கள், பிறகு கூடப்பிறந்தவர்கள், கடைசியில் எங்களைப் போன்ற சிநேகிதிகள். வேளை பிசகக்கூடாது என்பதற்காகச் சுவர்க் கடிகாரத்தையே திருத்தி மாட்டினோம். பூ, திரி, எண்ணெய், படங்களுக்கு வெள்ளைத் துணி என்று அத்தனையும் பார்த்துப் பார்த்துச் செய்தவர்களுக்கு ஒன்று மட்டும் தோன்றவில்லை. ஆகஸ்ட் காலைகளில் கோலாலம்பூர் வானத்தில் என்ன பறக்கும் என்று இங்கே பிறந்த சின்னப்பிள்ளைக்கும் தெரியும். கிள்ளானில் ஒதுங்கியிருந்த எங்களுக்குத் தெரியாமல் போய்விட்டது.

படி ஏறி வந்த அம்மா நேரே என்னிடம் வந்தார். என் கையிலிருந்த கோப்பையை வாங்கிக் கீழே வைத்தார்.

"பிள்ளை, நீதானாம் அவளோட கிடந்தனீ. இப்பதான் அறிஞ்சன். விளக்குக் கொளுத்தினாப் பிறகு என்னோட கொஞ்சம் இரு. ஓடிப்போயிடாத."

எந்த வாய் சொன்னதோ தெரியவில்லை. தலையை ஆட்டினேன். படியைப் பார்த்தேன். வழியில் ஆட்கள் நின்றார்கள்.

அம்மா மகளின் படத்துக்கு முன்னால் போய்த் தீக்குச்சி உரசினார். சுடர் நின்றது. எல்லோரும் தலை குனிந்து நின்றோம். அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. முதலில் ரயில் என்று நினைத்தேன், நினைக்கப் பார்த்தேன். ரயில் மேலே இருந்து வராது. கூரை அதிர்ந்தது.

அடுத்த கணம் நாங்கள் எல்லோரும் தரையில் கிடந்தோம். யாரும் யோசித்துச் செய்யவில்லை. முகம் குப்புற, காதைப் பொத்தி, வாயைத் திறந்தபடி. பள்ளிக்கூடத்தில் பழக்கியது அப்படியே இருந்தது.

பொறுப்பாளர் படியில் ஓடிவந்தார். நல்ல மனிதர், பதறிப்போனார். "அய்யோ அக்கா, அது மெர்டேக்கா டே, சுதந்திர தின ரிகர்சல் லா! நம்ம ஜெட்டுதான். ஒண்ணும் ஆகாது, எழுந்திரிங்க!" அவர் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது, விளங்கியது. எழும்பத்தான் முடியவில்லை.

அம்மா ஒருவர்தான் நின்றுகொண்டிருந்தார். இரண்டு கைகளாலும் சுடரை மறைத்துக்கொண்டு நின்றார். சத்தம் தூரப் போனதும் திரும்பி, தரையில் கிடந்த எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு சேலையை ஒதுக்கி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, மெல்ல மெல்ல இறங்கி என் பக்கத்தில் குப்புறப் படுத்தார்.

"இப்பிடியோ கிடந்தனீங்கள்?"

"ஓம் அம்மா."

"அவள் எந்தப் பக்கம்?"

"நீங்கள் கிடக்கிற பக்கம்தான்."

அவருடைய மூச்சு என் கன்னத்தில் பட்டது. "கை எங்க வைச்சிருந்தவள்?"

நான் இத்தனை வருடம் பயந்த இடம் வந்துவிட்டது. பொய் ஒன்று வாய்வரை வந்தது. அந்த முகத்தை அவ்வளவு கிட்டத்தில் வைத்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை.

"என்ர தலையில அம்மா. என்னை மூடிக்கொண்டு கிடந்தவள். அதாலதான் நான் இருக்கிறன்."

கண்ணை இறுக மூடிக்கொண்டு அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தேன். வார்த்தை வரவில்லை. விமானங்கள்தான் திரும்பி வந்தன, முதல் தடவையைவிடத் தாழ. என் உடம்பு முழுவதும் தூக்கிப்போட்டது. தலையில் ஒரு கை வந்து படிந்தது.

"இஞ்சயோ?"

"கொஞ்சம் கீழ. பிடரியில."

கை பிடரிக்கு இறங்கி, என்னைத் தரையோடு அழுத்தியது. கூரைக்கு மேலே சத்தம் வெடித்தது. அந்தக் கையும் என்னைப் போலவே நடுங்கியது, ஆனால் அவர் எடுக்கவில்லை.