பஸ் இரைச்சலில் சொல்ல வந்தது

சுடலைமாடத்தி வாயை மூடி நான் பார்த்தது இரண்டே தடவை. இரண்டுக்கும் காரணம் நான்தான்.

போனக்காடு தேயிலை எஸ்டேட் டிஸ்பென்சரியில் அப்போது நான் கம்பவுண்டர். பெயர் பஞ்சாபகேசன். வீடு திருவனந்தபுரத்தில், கரமனை அக்ரகாரத்தில். சனிக்கிழமை மத்தியானப் பஸ்ஸில் இறங்கினால் திங்கட்கிழமை காலைப் பஸ்ஸில் மலையேறுவேன். மாடத்தி அங்கே கொழுந்து பறிக்கிறவள். புருஷன் வேலப்பன் மரம் சாய்ந்து செத்தபோது அவளுக்கு இருபத்தாறு வயது. யார் தயவும் இல்லாமல் ஒரே மகள் செண்பகவல்லியை வளர்த்து, நெடுமங்காட்டில் கட்டிக்கொடுத்தாள். சனிக்கிழமை தவறாமல் ஒரு பொட்டலம் காந்தாரி மிளகாயோடு மகளைப் பார்க்க அதே பஸ்ஸில் ஏறுவாள்.

பெண்கள் ஸீட்டின் கடைசி வரிசை அவளுக்கு, அதற்குப் பின் வரிசை எனக்கு. எப்படியோ அப்படி அமைந்துவிட்டது. உட்கார்ந்ததும் பின்பக்கம் திரும்பி, கம்பியில் முழங்கையை ஊன்றிக்கொண்டு ஆரம்பித்தாளானால் நெடுமங்காடு வரை ஓயமாட்டாள். அட்டை கடித்த கதை, சம்பந்தி வீட்டு மாடு கன்று போட்ட கதை, சூப்பர்வைசரை எதிர்த்துக் கேட்ட கதை. சூப்பர்வைசர் கதையை மட்டும் ஒன்பது தடவை கேட்டிருக்கிறேன்.

எனக்குச் சத்தம் ஆகாது. அக்ரகாரத்தில் இரண்டு வீட்டுக்கும் பொதுச்சுவர். பக்கத்து வீட்டு ரேடியோ என் வீட்டில்தான் பாடும். பஸ்ஸிலோ கேட்கவே வேண்டாம். வளைவுக்கு வளைவு ஹார்ன், கியர் மாற்றும்போது ஒரு அலறல், கண்டக்டரின் மணி, எல்லாவற்றுக்கும் மேலே மாடத்தி. டிஸ்பென்சரிப் பஞ்சை உருட்டிக் காதில் அடைத்துப் பார்த்தேன். "காதுல சீழா சாமி?" என்று வழியில் விதுரை ஊர் வரும்வரை அதையே விசாரித்துக்கொண்டு வந்தாள்.

எண்பத்துநாலில் அத்திம்பேர் மஸ்கட்டிலிருந்து ஒரு வாக்மேன் கொண்டுவந்தார். இரண்டு காதையும் மூடுகிற ஹெட்போன். ஒரு மாதம் வீட்டில் பாட்டுக் கேட்டதில் பாட்டரி தீர்ந்தது. நான் புதிது போடவில்லை. எனக்கு வேண்டியது பாட்டு இல்லையே! பஞ்சை அடைத்து, அதன்மேல் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினால் உலகம் பாதியாகக் குறைந்துவிடும். பஸ்ஸில் அப்படி உட்கார்ந்த முதல் சனிக்கிழமை, சொல்லிக்கொண்டிருந்த கதையைப் பாதியில் நிறுத்தி என் தலையையே பார்த்தாள் மாடத்தி. பிறகு முன்பக்கம் திரும்பிக்கொண்டாள். அது முதல் தடவை.

நான் மலையேறிய திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் எஸ்டேட் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. "கம்பவுண்டர் சாமிக்குக் காது போச்சு. மிஷின் வச்சிருக்காரு, பாவம்."

ஒரு வார்த்தையில் மறுத்திருக்கலாம். மறுத்தால் சனிக்கிழமைக் கதை மறுபடி தொடங்கும். இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். அதன் பலன் டிஸ்பென்சரியில் தெரிந்தது. வரிசையில் நின்றவர்கள் என் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, "சாமி, வயித்தால போவுது!" என்று கத்துவார்கள். வெளியே நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். மாடத்தி ஒரு சின்னக் குப்பியில் ஏதோ பச்சிலை காய்ச்சிய எண்ணெய் கொண்டுவந்து, "ரெண்டு சொட்டு விடுங்க சாமி, செரியாவும்!" என்று கூவினாள். நானும் முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு வாங்கிக்கொண்டேன். எனக்கு நடிப்பு இவ்வளவு வரும் என்று அதுவரை எனக்கே தெரியாது.

அந்த ஆனி மாத மழையில் ஒரு சனிக்கிழமை. பஸ்ஸில் படுதாவை இறக்கியிருந்தார்கள். மாடத்தி பின்பக்கம் திரும்பினாள். முந்தானைக்குள் ஒரு கை நெஞ்சோரம் இருந்தது. "சாமி, ஒரு காரியம் சொல்லணும்" என்றாள் மெதுவாக. பஞ்சையும் தாண்டி எனக்கு அது கேட்டது. நான் கண்ணைத் திறக்கவில்லை. கொஞ்சம் பொறுத்து, "சாமீ!" என்று உரக்கக் கூப்பிட்டாள். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நானும் கண்ணைத் திறக்க வேண்டியதாயிற்று. "ஒண்ணுமில்ல, மழ வலுக்குது" என்று சொல்லித் திரும்பிக்கொண்டாள். அடுத்த வாரமும் திரும்பினாள். அதற்கடுத்த வாரமும். அப்புறம் விட்டுவிட்டாள். அப்பாடா என்று இருந்தது எனக்கு.

தை மாதம், மலைச்சரிவில் மயங்கி விழுந்த மாடத்தியைக் கூடப் பறிக்கிற ஒருத்தி தாங்கிப் பிடித்து டிஸ்பென்சரிக்குக் கூட்டிவந்தாள். மறைப்புக்குள் மாடத்தி சேலையை விலக்கிக் காட்டினாள். இடது மார்பு கல்லாக இறுகி, தோல் வெடித்துப் புண்ணாகியிருந்தது.

"ஏன் முன்னாடியே நேக்குச் சொல்லலே, மாடத்தி?"

"நாலு பேரு கேக்கக் கத்திச் சொல்லுத சீக்கா சாமி இது?" என்றாள். "வண்டி எரச்சல்ல வேற ஒருத்தருக்கும் கேக்காது, சாமிட்ட மட்டும் மெல்லச் சொல்லிரலாம்னு மூணு வாரம் பாத்தேன். ஒங்களுக்கும் கேக்கல. அதுக்கு நீங்க என்ன செய்வீய!"

எந்த இரைச்சலிலிருந்து நான் ஓடி ஒளிந்தேனோ, அதுதான் அவளுக்குக் கிடைத்த ஒரே மறைவு. அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சீட்டு எழுதுகிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டேன். நான் கோழை.

திருவனந்தபுரத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. ஆறு மாசம் முன்னால் வந்திருந்தால் பேச்சே வேறு என்றார் டாக்டர். மகள் பக்கத்திலேயே இருந்தாள். நான் ஞாயிற்றுக்கிழமைதோறும் போவேன். மூன்றாவது ஞாயிறு, மகள் கஞ்சி வாங்கப் போயிருந்தாள். நர்ஸ் என்னிடம் ஏதோ கேட்க வந்தாள். "ஒரக்கச் சொல்லணும் சிஸ்டர், சாமிக்குக் காது பத்தாது" என்றாள் மாடத்தி. அவளுக்கே குரல் எழும்பவில்லை. அதனால் என்னிடம் பேச வேண்டியதையெல்லாம் கையால் காட்டத் தொடங்கினாள். சாப்பிட்டீர்களா, வீட்டில் சுகமா, அந்த எண்ணெயை விடுகிறீர்களா என்று காதைத் தொட்டுக் காட்டினாள்.

அதைப் பார்த்துக்கொண்டு என்னால் உட்கார முடியவில்லை.

"மாடத்தி, நேக்குக் காது நன்னாக் கேக்கும். அது பாட்டுக் கேக்கற மிஷின். அன்னிக்கும் கேட்டுது."

"என்னிக்கு?"

"மழையிலே. ஒரு காரியம் சொல்லணும்னு சொன்னியே, அன்னிக்கு."

காதருகே இருந்த கை அப்படியே நின்றது. என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். சூப்பர்வைசரையே கேட்டவள் ஆயிற்றே, நாலு வார்த்தை கேட்கட்டும் என்றுதான் இருந்தது எனக்கு. கையை மெதுவாக இறக்கிப் போர்வைக்குள் வைத்துக்கொண்டாள். சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கால் மணி நேரமிருக்கும், ஒரு சத்தமில்லை. மகள் கஞ்சியோடு வருகிற காலடி கேட்ட பிறகுதான் பேசினாள்.

"சாமி பொறப்படுங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

மலைக்குப் போகிற என் பஸ் மறுநாள் காலையில்தான். அது அவளுக்குத் தெரியும்.