அம்மை போட்ட சேவல்

எங்கள் வீட்டுச் சேவலால் கண் திறக்க முடியவில்லை. அன்பர்களே, என் சோதனை அப்படித்தான் தொடங்கியது. போன வருடம், 1982 ஆனி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை.

கோட்டுச்சேரிமேட்டில் நானும் அம்மாவும் இருக்கிறோம். நான் கால்நடை உதவியாளர் பயிற்சி முடித்து மருந்தகத்தில் வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. அந்த வேலைக்காக அம்மா எங்கள் தெரு மாரியம்மனுக்கு நேர்ந்துவிட்ட சேவல் அது. ஆடி வெள்ளியில் கொடுக்க வேண்டும்.

கொண்டையிலும் தாடியிலும் மிளகளவில் கொப்புளங்கள். இமை ஒட்டியிருந்தது. நோட்டில் எழுதினேன்: கழுத்து திருகவில்லை, எச்சம் பச்சையாக இல்லை, ஆகவே வெள்ளைக்கழிச்சல் அல்ல; இது கோழி அம்மை. வாய்க்குள் மஞ்சள் படலம் இல்லை. தனியே பிரித்து, புண்ணைக் கழுவி, தீனி ஊட்டினால் பிழைக்கும்.

அம்மா அருகே விடவில்லை. "அம்மா எறங்கியிருக்கா. மருந்து மாயம்னு பக்கத்துல போவாதே." வாசலில் வேப்பிலை செருகிக் கும்பிட்டுவிட்டு, சேவலை மற்ற ஒன்பது கோழிகளோடு திறந்து விட்டார். அது தானியம் தெரியாமல் மண்ணைக் கொத்தியது.

வியாழன் மதியம் டிங்சர் பாட்டிலை முந்தானையில் மறைத்து எடுத்துப் போனேன். பிடிபட்டேன்.

"அவ வந்த எடத்துக்கு சீசாவ தூக்கிட்டு வர்றியே. நாளைக்கு ஒனக்கு ஒண்ணுன்னா நான் யாருகிட்ட போயி நிப்பேன்?"

கோபமில்லை. அது பயம். பாட்டிலைத் திரும்ப வைத்துவிட்டேன். நான் படித்தது எதுவும் அந்தப் பயத்துக்கு மருந்தாகாது என்று தெரிந்தது. சாயங்காலம் கோயிலில் அழுதேன். "தாயே, சேவலும் பிழைக்கணும், எங்கம்மா மனசும் நோகக்கூடாது. எனக்கு ரெண்டும் வேணும்."

மறுநாள் காலை மீன்கார கமலாக்கா எங்கள் வாசலைக் கடந்தவர், வேப்பிலையைப் பார்த்துத் தெருவிலேயே நின்றார். அம்மை போட்ட வீட்டுக்குள் மீன் போகக் கூடாது அல்லவா.

"யாருக்கு சித்தி அம்மை?"

"சேவலுக்கு."

கூடை சாயும்படி சிரித்தார். பிறகு கொல்லையை எட்டிப் பார்த்தார். "ஏன் சித்தி, ஒன் மவளுக்குப் போட்டப்ப இப்படியா தொறந்து உட்டே? தனியா படுக்க வச்சே, கொசுவலை கட்டுனே, வேப்பிலையும் மஞ்சளும் அரைச்சுப் பூசுனே, கஞ்சி ஊட்டுனே. நான்தான் பாத்தேனே. அம்மனுக்கு நேர்ந்துவுட்ட சேவலுக்கு மட்டும் ஒண்ணும் கெடையாதா?"

அம்மா உள்ளே போய் அம்மியைக் கழுவினார்.

என் நோட்டைத் திறந்து பார்த்தேன். பிரித்து வைத்தல், கொசு அண்டாமல் காத்தல், புண்ணுக்குப் பூச்சு, மென்மையான தீனி. நான்கும் ஒன்றுவிடாமல் கமலாக்கா வாயில் வந்திருந்தன. நோட்டை மூடிவிட்டுக் கோயில் இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டேன்.

அம்மா பூசினார்; நான் வெந்நீரில் பஞ்சை நனைத்து இமையைத் துடைத்தேன். கம்பங்கூழ் ஊட்டினோம். மற்றக் கோழிகளுக்குத் தடுப்பூசி போடலாமா என்று தயங்கியபடி கேட்டேன். அம்மா ரவிக்கைக் கையை ஏற்றித் தன் தழும்பைக் காட்டினார். "எனக்கும்தான் அம்மை குத்துனாங்க. அவ கோச்சுக்கிட்டாளா? குத்து." ஒன்பதும் தப்பின. நாலாம் வாரம் சேவல் கூவியது.

ஆடி வெள்ளியில் கோயிலுக்குக் கொண்டு போனோம். பூசாரி அதன் கொண்டையைத் தடவினார். பாதி உதிர்ந்து, தழும்பாகிக் கிடந்தது.

"ஊனப்பட்டத வெட்டக் கூடாதும்மா. உசுரோட உடுங்க."

"நேர்ந்துக்கிட்டதாச்சே?" என்றார் அம்மா.

"அவ கைபட்டது. அவகிட்ட சேந்தாச்சு."

இன்று மருந்தகத்துக்குக் கோழியோடு வருபவர்களிடம் நான் முதலில் மருந்து சொல்வதில்லை. "ஒங்க வீட்டுப் புள்ளைக்கு வந்தா என்ன செய்வீங்க?" என்று கேட்கிறேன். பாதி வைத்தியத்தை அவர்களே சொல்லிவிடுகிறார்கள்.

அன்பர்களே, இரண்டில் ஒன்றைத்தான் கேட்கலாம் என்று நினைக்காதீர்கள். இரண்டையும் கேளுங்கள். கேட்ட பிறகு வாசலில் யார் நின்று பேசினாலும் காது கொடுங்கள்.

சேவல் தினமும் நாலு மணிக்கே தெருவை எழுப்புகிறது. குறை சொல்ல வருபவர்களைக் கோயிலுக்கு அனுப்பி வைக்கிறேன்.