ஈரச் சுடிதார்

வேலைக்கு எப்போதும் சுடிதாரில் போய், ஆஸ்பத்திரியில்தான் நர்ஸ் யூனிஃபார்முக்கு மாறுவேன். வழியில் யாராவது ரிப்போர்ட்டை நீட்டிவிடுவார்கள் என்ற பயம்தான்.

இன்று துவைத்த சுடிதார் ஒன்றுகூடக் காயவில்லை. வெள்ளை யூனிஃபார்மிலேயே கொரட்டூரில் ஷேர் ஆட்டோ ஏறினேன்.

உட்கார்ந்ததுதான் தாமதம், பக்கத்தில் இருந்த அக்கா பையிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து என் மடியில் வைத்தார்.

"சிஸ்டர், எங்க ஊட்டுக்காரரு ஸ்கேன். டாக்டரு நாளைக்கு வரச் சொல்லிக்கீறாரு. இன்னானு கொஞ்சம் பாத்து சொல்லேம்மா."

படித்தேன். புற்றுநோய் கல்லீரல் வரை பரவியிருந்தது.

"டாக்டர்தான் சொல்லணும்க்கா" என்று மூடிக் கொடுத்தேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். நான் சிரித்து வைத்தேன். வார்டில் பழகிய சிரிப்பு.

"அப்போ பயப்பட ஒண்ணும் இல்ல. இருந்தா நீ சிரிப்பியா?"

அம்பத்தூர் எஸ்டேட்டில் இறங்கும்போது, "நல்லா இருக்கணும் கண்ணு நீ" என்று என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார்.

ஈரச் சுடிதாரையே போட்டிருக்கலாம். போகிற வழியிலேயே காய்ந்திருக்கும்.

யூனிஃபார்மோடு வெளியே வருகிற சிஸ்டர்களே, ஃபைலைத் திருப்பிக் கொடுக்கும்போது நீங்களெல்லாம் முகத்தை எப்படி வைத்துக்கொள்கிறீர்கள்?