வாறுகாலில் கொட்டிய உப்பு

மூன்று வாரத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. காப்பியை ஒரு வாய் குடித்தேன். அப்படியே முற்றத்தில் துப்பினேன். சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டாள் என்று மனைவி மீது பாய்ந்தேன். அவள் கிணற்றிலிருந்து ஒரு வாளி இறைத்து வந்து என் முன்னால் வைத்தாள்.

ஒரு கை அள்ளி வாயில் விட்டேன். கரித்தது!

வெளியூர் வாசகர்களுக்கு என் கிணற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தூத்துக்குடியில் எங்கே தோண்டினாலும் பெரும்பாலும் உப்புத் தண்ணீர்தான். ஏதோ அதிர்ஷ்டம், எங்கள் தெருவில் என் கிணறு மட்டும் நல்ல தண்ணீர். குழாயில் வருவது வருகிற நாளுக்கு வரும். ஆகவே தெருவே குடத்தோடு என் வீட்டுக்கு வரும். எனக்கும் அதில் கொஞ்சம் பெருமை... பொய் சொல்வானேன், நிறையவே பெருமை.

அதில் உப்பு எப்படி வந்தது? நானே போட்டதுதான்.

இரண்டு மாதமாக எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு மாற்றி மாற்றி வாந்தி, பேதி. பக்கத்து வீட்டு ஜெயசீலி டீச்சரின் மகள் பியூலாவுக்கு மட்டும் மூன்று தடவை வந்துவிட்டது. ஐந்து வயசுப் பிள்ளை. மூன்றாவது தடவை பெரியாஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். கண் உள்ளே போய், அம்மாவின் தோளில் துணி மாதிரிக் கிடந்தாள். 

"இன்னொரு தடவை வந்தா தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாவ அண்ணாச்சி" என்றார் டீச்சர்.

காரணம் எது என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. தெரு நெடுக ஓடுகிற வாறுகால்தான், அதாவது சாக்கடைக் கால்வாய். ஓடுகிற என்பது மரியாதைக்குச் சொல்வது — சாக்கடை நின்றது, நாறியது, ஈ மொய்த்தது. கடலையே தோண்டிப் புதுத் துறைமுகம் கட்டுகிற ஊரில், எங்கள் வாறுகாலைத் தோண்ட மட்டும் ஆள் இல்லை. மனு எழுதி எழுதி எனக்கு அலுத்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருக்காரர்களைக் கூட்டி நானே மீட்டிங் போட்டேன். யோசனை சொன்னவர் எதிர்வீட்டுத் தங்கப்பழம் அண்ணாச்சி. உப்பளம் வைத்திருப்பவர்.

"மீனையே உப்புத்தான கெடாம வச்சிருக்கு? வாறுகால்ல ரெண்டு மூட்டை தட்டுங்க. பூச்சி, புழு, நாத்தம் ஒண்ணும் நிக்காது. மண்ணு கலந்த உப்பு அளத்துல சும்மாத்தான கெடக்கு!"

வேறு ஊரில் இப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். இங்கே? கருவாட்டுக்கு உப்பு, கால் புண்ணுக்கு உப்பு, பல்வலிக்கு உப்பு, கண் திருஷ்டிக்கும் உப்பு. முதலில் கை தட்டியதே நான்தான். இரண்டு மூட்டை பத்து மூட்டை ஆனது. என் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி வாறுகால் பள்ளமாக இருந்ததால், அங்கே தாராளமாகவே கொட்டச் சொன்னேன். நாற்றம் குறைந்த மாதிரிகூட இருந்தது.

அடுத்த வாரம் ஐப்பசி மழை. உப்பெல்லாம் கரைந்து போனது. எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை — காப்பி கரிக்கும் வரை.

அன்று காலையே தெரு முழுக்க என் வாசலில் நின்றது. தங்கப்பழம் அண்ணாச்சிதான் முன்னால்.

"இருந்த ஒரு நல்ல கெணத்தையும் கெடுத்துப்போட்டியளே!"

யோசனை யாருடையது என்பதை அவர் வசதியாக மறந்திருந்தார். நானும் ஞாபகப்படுத்தவில்லை. யாரோடு சண்டை போட? அதற்கும் தெம்பு வேண்டாமா?

அந்தக் கூட்டத்தில் சத்தம் போடாமல் நின்றவர் ஜெயசீலி டீச்சர் மட்டும்தான். எல்லோரும் போன பிறகு, காலிக் குடத்தை இடுப்பில் வைத்தபடியே கேட்டார்.

"அண்ணாச்சி, வாறுகால்ல போட்ட உப்பு கெணத்துக்கு வந்திருக்குன்னா... வாறுகால்ல கெடந்த மத்ததெல்லாம் இத்தன நாளா எங்க போச்சு?"

நான் கிணற்றையும் வாறுகாலையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"எம்பிள்ள நாக்கு வறண்டு கெடந்தப்ப, இந்தத் தண்ணியத்தான அள்ளி அள்ளிக் குடுத்தேன்..."

என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. குடத்தோடு போய்விட்டார்.

கிணற்றுக்கும் வாறுகாலுக்கும் எட்டடி. தினமும் நான் நடக்கிற எட்டடி. உப்பு என்பதால் நாக்கு கண்டுபிடித்தது. மற்றதைப் பியூலாவின் வயிறு மூன்று தடவை சொல்லியும் எங்களுக்குப் புரியவில்லை. ஈயைக் குற்றம் சொன்னோம், சாக்கடையைக் குற்றம் சொன்னோம், குடித்த தண்ணீரை ஒருவரும் நினைக்கவில்லை. 

மழை தொடர்ந்து பெய்தது. போன வாரம் கரிப்பு போய்விட்டது. மறுபடி குடங்கள் வந்தன.

"பழையபடி இனிக்குதே அண்ணாச்சி! இனி என்ன கவல?" என்றார் தங்கப்பழம்.

நான் கிணற்றை மூடிப் பூட்டுப் போட்டேன். காரணத்தையும் பொறுமையாகச் சொன்னேன். யார் கேட்கிறார்கள்?

"இத்தன வருசமா குடிச்சோமே, செத்தா போயிட்டோம்?"

டீச்சர் வீட்டில் குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைக்கிறார்கள். பியூலா தெருவில் ஓடி விளையாடுகிறாள். அது போதும் எனக்கு. மற்றபடி தெருவில் பாதிப்பேர் என்னோடு பேசுவதில்லை. தவிச்ச வாய்க்குத் தண்ணீர் தராத கஞ்சன் என்று என் காதுபடவே திட்டுகிறார்கள்.

அந்தத் தண்ணீரைக் கொடுத்துக்கொண்டிருந்த வரையில் ஒருவர்கூட என்னைத் திட்டியதில்லை.