புளி மண்டித் தராசில் ஓட்டக்காரி

இன்று காலை எங்கள் மாரண்டஹள்ளி புளி மண்டியில், மூட்டை எடை போடும் தராசில் ஓர் ஓட்டப் பந்தயக்காரி ஏறி நின்றாள். பெயர் ஸ்டெல்லா, பத்தாவது படிக்கிறாள்.

கூட வந்த விளையாட்டு டீச்சர் எடையைப் பார்த்ததும் கத்தினார். "ரெண்டு கிலோ ஏறிட்டியேடி! தயிரை நிறுத்து. இல்லன்னா சனிக்கிழமை போட்டிக்கு வேற பொண்ணுதான்."

"தயிரை நிறுத்துனப்பதான் டீச்சர் வயிறு கெட்டுப் பாதி ஓட்டத்துல உக்காந்தேன். இப்ப களியில தயிர் ஊத்தித்தான் கரைச்சுக் குடிக்கறேன், வயிறு ஒழுங்கா இருக்குதுங்க. இடுப்பு இளைச்சுப் பாவாடை நாடாவைக்கூட முன்னைவிட இழுத்துத்தான் கட்டறேன்."

என் வாய் சும்மா இருக்கவில்லை. "டீச்சரம்மா, கொட்டையோட இருந்தாலும் கிலோ கிலோதான், கொட்டை எடுத்தாலும் கிலோ கிலோதானுங்க. எடையை மட்டும் பார்த்துப் புளி வாங்கியிருந்தா நான் என்னிக்கோ கடையைச் சாத்தியிருப்பேன்."

"உங்களுக்கு ஓட்டத்தைப் பத்தி என்னங்க தெரியும்?"

"ஒண்ணும் தெரியாதுங்க. சரக்கு தெரியும்."

டீச்சர் சிரித்துவிட்டார். ஸ்டெல்லா தராசிலிருந்து குதித்தாள்.

பேசி முடித்தது இதுதான்: சனிக்கிழமை ஸ்டெல்லாவே ஓடுவாள், தயிரும் உண்டு. ஜெயித்தால் டீச்சர் இனி சந்தையில் புளி வாங்காமல் என்னிடமே வாங்குவார். தோற்றால் ஒரு வருடத்துக்கு அவர் வீட்டுப் புளி என் செலவு, கொட்டை எடுத்தே தருவேன்.